பழி மட்டும் மாட்யூல் மேல்

சித்திரை பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. காரைக்குடியில் மோட்டார் வேகத்தை ஆளும் டிரைவ், யூ.பி.எஸ்., சோலார் இன்வெர்ட்டர் மாதிரியான சாமான்களைப் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மாசி, பங்குனியில் ஆள் வராமல் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் புதுவயல் ரைஸ் மில், தேவகோட்டைப் பக்கம் போர் மோட்டார், கானாடுகாத்தானில் யாரோ புதிதாகப் போட்ட சோலார் என்று வரிசை கட்டும். வருகிறவர்கள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "மாட்யூல் போயிருச்சு, வேற போட்டுக் குடுங்க." கூடவே ஒரு வசவு. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான், டூப்ளிகேட் சரக்கு, இப்படி.

மாட்யூல், அதாவது மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் சுவிட்ச் கட்டை, போனது நிஜம்தான். ஆனால் நான் கழற்றிப் பார்த்தவற்றில் மாட்யூலே தப்பு செய்தது அபூர்வம். அதைச் சுற்றி நடந்த காரியம்தான் அதைக் கொன்றிருக்கும். ஒரு மெல்லிய பசைப் படலம், ஒரு கொத்துத் தவிடு, யாரோ அழகுக்காகச் சாத்திவைத்த ஓர் அலமாரிக் கதவு. அதைப் பார்க்காமல் புது மாட்யூலை மாட்டிக்கொண்டு போனால் அடுத்த சித்திரைக்கும் அதே செலவு. வாடிக்கையாளர் திரும்ப வந்தால் எனக்கு வருமானம்தான், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். உள்ளே இருப்பது ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்ச். நொடிக்குச் சில ஆயிரம் தடவை ஆனாகி ஆஃப் ஆகும். ஆனில் இருக்கும்போது அதன் குறுக்கே ஒன்றரை, இரண்டு வோல்ட் விழும். ஓடுகிற ஆம்பியரால் அதைப் பெருக்கினால் வருகிற வாட் முழுக்கச் சூடு. ஆஃபில் நஷ்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனிலிருந்து ஆஃபுக்கு மாறும் அந்தக் கண நேரத்தில்தான் வோல்ட்டும் இருக்கும், கரண்டும் இருக்கும். ஒரு தடவைக்கு அது அற்பம். நொடிக்கு எட்டாயிரம் தடவை என்றால் அற்பமில்லை. மோட்டாரில் "ஙீ" என்று சத்தம் வருகிறது என்று சிலர் ஸ்விட்சிங் வேகத்தைப் பதினைந்து, பதினாறு கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவைத்துவிடுவார்கள். சத்தம் போய்விடும், சூடு வந்துவிடும்.

இந்த ஐ.ஜி.பி.டி.யைப் பற்றிப் பேசும்போது நம்மூர்க்காரர் ஒருவர் பெயரைச் சொல்லாமல் போகக்கூடாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இதை உருவாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பி. ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் 1969இல் பட்டம் வாங்கியவர். 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்வெர்ட்டர் ஏசி, மின்சார ரயில், ரைஸ் மில் டிரைவ், எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் அவர் கைவேலை இருக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயரை நான் படித்ததாக நினைவில்லை.

செத்த மாட்யூல் ஒன்றின் மூடியைப் பெயர்த்தால் மேலே நிறமில்லாத சிலிகான் ஜெல் நிற்கும். விரலை வைத்தால் உள்வாங்கி, எடுத்தால் மேலே வரும். அதற்குள் வரிசையாக அலுமினியக் கம்பிகள், தலைமுடியைவிட நாலைந்து மடங்கு தடிமன், ஒவ்வொன்றும் ஒரு சின்ன வளைவாக எழும்பி ஐ.ஜி.பி.டி. சிப்பின் முதுகில் இறங்கியிருக்கும். வெடித்த இடத்தில் ஜெல் கறுத்து, கம்பி உருகி மணி மணியாகத் திரண்டிருக்கும். வெடிக்காத பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஊசி முனையால் மெல்லத் தட்டினால் சில கம்பிகளின் அடி சிப்பை விட்டுத் தானாகவே எழும்பி வரும். எப்போதோ விட்டுப்போனவை. மிச்சமிருந்த கம்பிகள் அவற்றின் கரண்டையும் சேர்த்துச் சுமந்திருக்கின்றன, முடிகிற வரைக்கும்.

சிப்பிலிருந்து கீழே இறங்கினால் அடுக்கடுக்காக வரும். சிலிக்கான் சிப், பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு. அதன் கீழே ஈயப் பற்று (சால்டர்). அப்புறம் 0.3 மி.மீ. செம்பு, 0.38 மி.மீ. அலுமினா பீங்கான், மறுபடி செம்பு, மறுபடி பற்று, அதன் கீழே 3 மி.மீ. கனத்தில் செம்புத் தகடு. செம்பை வெறுமனே விட்டால் களிம்பேறும் என்று நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். (முலாம், அரிப்பு, பாட்டரி எல்லாம் எங்கள் ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடமான சிக்ரியின் பாடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நட்ட இடம், 1953இல் திறந்தார்கள். இவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தமாக மட்டும் அதைத் தெரிந்துவைத்திருக்கிறோம்.)

பீங்கான் எதற்கு என்று கேட்கலாம். அடியில் சூட்டைக் காற்றில் விடுவதற்கு இதழ் இதழாக ஹீட் சிங்க் என்ற அலுமினியக் கட்டை இருக்கும். மின்சாரம் அதற்கு இறங்கக்கூடாது, சூடு மட்டும் இறங்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே போகிறவை. பிரித்து அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு விலை உண்டு. செம்பு சூட்டைக் கடத்துவதை 390 என்று வைத்தால் அலுமினா வெறும் 24. அலுமினியம் நைட்ரைடு என்ற பீங்கான் 170 வரை போகும், ஆனால் விலை கூட, சீக்கிரம் விரிசல் விடும். அதனால் சாதாரண டிரைவில் அலுமினாதான்.

இந்த அடுக்குகளின் வழியாக எவ்வளவு சூடு போகிறது? ஒரு சதுர சென்டிமீட்டர் சிப்பில் 100 வாட் என்பது சர்வசாதாரணம். அக்னி நட்சத்திர உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். கணக்குப் போட்டால் சிப்பின் மேல் இருப்பது ஆயிரம் உச்சி வெயில். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு சிலிக்கான் 150 டிகிரிக்குள் நிற்க வேண்டும். புதிய தலைமுறையில் 175 வரை அனுமதி.

இனி பேஸ்ட்டுக்கு வருகிறேன். மாட்யூலின் செம்புத் தகடும் அலுமினிய ஹீட் சிங்கும் கண்ணுக்குச் சமதளம்தான், ஆனால் நிஜத்தில் மேடும் பள்ளமும். இரண்டையும் வைத்து அழுத்தினால் மேடுகள்தான் தொடும், மிச்ச இடமெல்லாம் காற்று. காற்று சூட்டைக் கடத்துவது மகா மோசம்: 0.1 மி.மீ. காற்று இடைவெளி என்பது, சூட்டின் கணக்கில், ஒன்றரை மீட்டர் கனமுள்ள செம்புக் கட்டிக்குச் சமம். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் வெள்ளைப் பேஸ்ட். சாதாரணப் பேஸ்ட் காற்றைவிட நாற்பது மடங்கு தேவலாம். அதற்காக அதை உலோகத்தோடு சேர்த்துவிட முடியாது. அதே 0.1 மி.மீ. கனத்துக்குப் பேஸ்ட் தடவினால் நான்கு சென்டிமீட்டர் செம்பை நடுவே வைத்ததாக ஆகிவிடும். மொத்த மாட்யூலின் செம்பே நாலு மில்லிமீட்டர் கிடையாது.

ஆக, "நல்லா நெறய தடவியிருக்கேன் சார்" என்று ஒரு மெக்கானிக் பெருமையாகச் சொன்னால் அந்த டிரைவுக்குக் கெட்ட காலம் என்று வைத்துக்கொள்ளலாம். உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடத்தில் தொடட்டும். பள்ளத்துக்கு மட்டும் பேஸ்ட். பழைய மாட்யூலைக் கழற்றியதும் நான் துடைப்பதில்லை, முதலில் பேஸ்ட்டின் அச்சைப் பார்ப்பேன். நல்ல வேலையென்றால் நடுவில் உலோகம் மங்கலாகத் தெரியும், ஓரமாக வழிந்து ஒரு மெல்லிய கோடு நிற்கும். மோசமான வேலையென்றால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் வெறுமையாகவும் இருக்கும். ஒரு மூலை ஸ்க்ரூவை முழுசாக முறுக்கிவிட்டு அப்புறம் மற்றதற்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். குறுக்கும் மறுக்குமாக, முதல் சுற்று லேசாக, இரண்டாவது சுற்று கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். ஒரு பக்கமாக இறுக்கினால் பீங்கான் உள்ளேயே முறியும். அது அன்றைக்குத் தெரியாது.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. "ஹீட் சிங்க்ல கை வச்சுப் பாத்தேன், சூடே இல்ல, அப்புறம் எப்படிப் போச்சு?" என்பார்கள். பேஸ்ட் நன்றாக இருந்தாலும் கெட்டிருந்தாலும் சிங்க்கின் சூடு ஒன்றாகவேதான் இருக்கும். சிப்பில் உண்டாகிற வாட் எப்படியும் சிங்க்குக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. வழியில் தடை இருந்தால் அந்தத் தடையைத் தாண்டுவதற்காகச் சிப் தன் சூட்டை ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். சிங்க்கில் கையை வைத்தவருக்கும் சரி, சிங்க்கில் ஒட்டியிருக்கும் சென்சாருக்கும் சரி, ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. டிரைவின் திரையில் 72 டிகிரி என்று சாதுவாக எழுதியிருக்கும்போதே உள்ளே சிப் வெந்துகொண்டிருக்கும்.

சரி, புதுவயல் கதை.

புதுவயல் முழுக்க ரைஸ் மில். அங்கே ஒரு மில்லில் பாலிஷர் மோட்டாருக்கு 10 எச்.பி. டிரைவ். இரண்டு கோடையில் இரண்டு மாட்யூல் போனது. இரண்டையும் மாற்றியது வேறு யாரோ. மூன்றாவதுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனபோது டிரைவ் இருக்கும் பேனல் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது, எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "சூடு ஏறுது தம்பி, அதான் காத்து வச்சிருக்கோம்" என்றார் முதலாளி.

டிரைவைப் பேனலிலிருந்து கழற்றித் திருப்பினால் பின்பக்கம் ஹீட் சிங்க்கின் இதழ்களே தெரியவில்லை. இடைவெளி முழுக்க இளம்பழுப்பில் இறுகிக் கிடந்தது. உமித் தூசி என்றால் கம்ப்ரஸர் காற்றில் பறந்துவிடும். தவிடு போகாது. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. சூடான உலோகத்தில் பட்டதும் பிடித்துக்கொள்ளும், அதன் மேல் அடுத்த தூசி. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது, சிக்கெண்ணெய் வாடையோடு. அடியில் இருந்த குட்டி ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் காற்று போக வழியில்லை. பெடஸ்டல் ஃபேன் செய்த உபகாரம், மில்லுக்குள் மிதந்த தவிட்டையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பேனலுக்குள் அனுப்பியது.

ஒரு பேப்பரில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முழு லோடில் இந்த டிரைவ் சுமார் 200 வாட் சூடு விடுகிறது. சுத்தமான சிங்க், ஓடுகிற ஃபேன் என்றால் ஒரு வாட்டுக்கு 0.2 டிகிரி ஏறும் என்று வைப்போம். 200 வாட்டுக்கு 40 டிகிரி. பேஸ்ட்டைத் தாண்ட ஒரு 10. மாட்யூலுக்குள் அடுக்குகளைத் தாண்டிச் சிப் வரை போக ஒரு 20. ஆக மொத்தம் 70. வெளியே 40 டிகிரி என்றால் சிப் 110இல் இருக்கும். நிம்மதியாக ஓடும். இப்போது தவிடு அடைத்துச் சிங்க் பாதி வேலைதான் செய்கிறது. 40 இருந்த இடத்தில் 80. மேலே தகரக் கூரை, பேனலுக்குள் காற்றே 55. எல்லாம் கூட்டினால் 165. சிலிக்கானின் எல்லை 150.

"அப்ப வெடிச்சிருக்கணுமே, முந்தியே?" என்றார். சரியான கேள்வி. வெடிக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் டிரைவ் டிரிப் ஆகும். சிங்க் 85, 90 தாண்டியதும் நிறுத்திவிடும். பாலிஷர் ஆபரேட்டர் பக்கத்திலிருந்து சொன்னார்: "டிரிப் அடிச்சா ஒரு டீ குடிச்சிட்டு வந்து ரீசெட் பண்ணுவோம்ணே. ஓடும். மறுபடி அடிக்கும்." ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று நான் கேட்கவில்லை.

அந்த டீதான் மாட்யூலைத் தின்றது. சூடு ஒரே நிலையில் நின்றால் 120 டிகிரியில்கூட அது வருஷக்கணக்கில் உழைக்கும். ஏறி இறங்குவதுதான் ஆகாது. ஒரு டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் 23 மைக்ரான் நீளும். செம்பு 17, அலுமினா 7, சிலிக்கான் 3கூடக் கிடையாது. இந்த நாலு பேரையும் பற்றுவைத்து ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். சூடேறும்போது ஒருவர் இழுக்க, ஒருவர் நகர மறுக்க, நடுவே இருக்கும் ஈயப் பற்றும் கம்பியின் அடிவாரமும் அந்த இழுபறியைத் தாங்கும். சில ஆயிரம், பல ஆயிரம் தடவை. அப்புறம் பற்றில் ஓரத்திலிருந்து விரிசல், விரிசலால் சூட்டுப் பாதை குறுகல், அதனால் இன்னும் சூடு, இன்னும் பெரிய ஏற்ற இறக்கம். ஏற்ற இறக்கம் பாதியானால் ஆயுள் பத்து மடங்குக்கு மேல் கூடும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. எதிர்ப்பக்கமும் அதே கணக்குத்தான். பாதுகாப்புக்காக வைத்த டிரிப்பை ரீசெட் பட்டனாலேயே தோற்கடித்திருக்கிறார்கள்.

மாட்யூலோடு கூடவே நசிவது கெப்பாசிட்டர். எலக்ட்ரோலிட்டிக் வகைக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. அதுபற்றித் தனியாகவே எழுதலாம், இப்போது வேண்டாம். பல்லியைப் பற்றியும் தனியாக எழுதலாம். இதமான சூடு தேடிப் பேனலுக்குள் போய், இரண்டு டெர்மினலுக்கு நடுவே படுத்து, தானும் போய் டிரைவையும் கொண்டுபோகும் பல்லிகள் செட்டிநாட்டில் ஏராளம். கேபிள் நுழையும் ஓட்டையை அடையுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது வீடுகள். நகரத்தார் வீட்டைப் பற்றி இணையத்தில் வருகிற பதிவுகளைப் படித்தால் எரிச்சலாக வரும். முட்டை வெள்ளைக்கரு பூசினதால் வீடு குளுகுளுவென்று இருக்கிறது என்று யாரோ எழுத, ஆயிரம் பேர் பகிர்கிறார்கள். வெள்ளைக்கரு பளபளப்புக்கு. குளுமைக்குக் காரணம் சுவரின் கனம், மேலே ஓட்டின் அடுக்கு, உயரமான கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம். கனத்த சுவர் பகலில் வருகிற வெப்பத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, ராத்திரி காற்று குளிர்ந்ததும் மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிறது. மாட்யூலின் அடியில் இருக்கும் 3 மி.மீ. செம்புத் தகடும் இதே வேலையைத்தான் பார்க்கிறது, நாள் கணக்கில் இல்லாமல் நொடிக் கணக்கில். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓரிரு நொடி கரண்டு இரட்டிப்பாகும். அந்தச் சூட்டைச் செம்பு வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் மெதுவாகச் சிங்க்குக்கு அனுப்பும். அதற்கு மேல் நீடித்தால் சிங்க்கின் கனம் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கையேட்டில் "150 சதவீதம், 60 நொடி" என்று எழுதியிருப்பார்கள். செம்பின் வயிறு சில நொடியிலேயே நிறைந்துவிடும், அறுபது நொடி தாண்டினால் சிங்க்கும் தாங்காது. சுவருக்கும் அப்படித்தான்: ராத்திரி என்று ஒன்று இல்லாவிட்டால் எவ்வளவு கனத்த சுவரும் ஒரு வாரத்தில் சூடாகிவிடும். வைத்துக்கொள்வது வேறு, வெளியேற்றுவது வேறு.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டில் 5 கிலோவாட் சோலார் போட்டார்கள். இன்வெர்ட்டரை எங்கே மாட்டுவது என்பதில் பஞ்சாயத்து. சோலார் போட வந்தவர் மொட்டை மாடியில், மேற்குச் சுவரில் மாட்டுகிறேன் என்கிறார், கேபிள் மிச்சமாகுமாம். "ஐ.பி. 65 சார், மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது." ஐ.பி. 65 என்பது தண்ணீருக்கும் தூசிக்குமான உத்தரவாதம். வெயிலுக்கு அதில் ஒரு எண்ணும் கிடையாது. முழு உற்பத்தியில் அந்த இன்வெர்ட்டர் விடுகிற சூடு 150 வாட் அளவுக்கு. மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தால், அரை மீட்டருக்கு நாற்பது சென்டிமீட்டர் உள்ள பெட்டி வாங்கிக்கொள்வது இன்னொரு 150 வாட். இரட்டைச் சுமை. 45 டிகிரியைத் தாண்டியதும் இன்வெர்ட்டர்கள் பலவும் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். போனில் ஆப்பைத் திறந்தால் நல்ல வெயில் நாளில், மலை மாதிரி எழும்ப வேண்டிய கோடு உச்சியில் வெட்டினாற்போல் தட்டையாக இருக்கும். சோலார் பேனல் மட்டம் என்று திட்டுவார்கள். பேனலில் ஒரு குறையும் இருக்காது.

ஆச்சிக்கு வேறு யோசனை. "இரண்டாங்கட்டுல சாமான் ரூம் இருக்கு தம்பி. சுவரு ரெண்டடி. சித்திரையிலயும் உள்ள போனா சில்லுன்னு இருக்கும். அங்க தேக்கு அலமாரிக்குள்ள வச்சுட்டாக் கண்ணுக்கும் தெரியாது. விருந்தாளி வந்தா அசிங்கமா இருக்கப் படாதுல்ல." பாதி ரொம்பச் சரி. அந்த அறையின் சுவருக்கு 150 வாட் ஒரு பொருட்டே இல்லை. பகலில் வாங்கி ராத்திரி விட்டுவிடும். ஆனால் அலமாரி? பர்மாத் தேக்கு விலையில் உசத்தி, சூட்டைக் கடத்துவதில் கடைசி. ஒரு அங்குலப் பலகையால் மூடிய பெட்டிக்குள் 150 வாட் நின்றால் உள்ளே காற்று அறையைவிட இருபது முப்பது டிகிரி ஏறிவிடும். குளுமையான அறையைத் தேடிப்போய் அதற்குள் ஓர் அடுப்படியைக் கட்டுகிற கதை.

"அலமாரி மட்டும் வேண்டாம் ஆச்சி, சுவர்லயே இருக்கட்டும்" என்றேன். மேலேயும் கீழேயும் ஒரு முழம் இடம் விட்டு, இதழ்கள் நெட்டுக்குத்தலாக இருக்கும்படி. படுக்கைவாட்டில் மாட்டினால் இதழ்களுக்கு நடுவே சூடான காற்று மேலெழ வழியிருக்காது. ஃபேன் இல்லாத இன்வெர்ட்டருக்கு அந்த எழும்பல்தான் ஃபேன். ஆச்சி அரை மனதாகத் தலையாட்டினார். இப்போது அதன் மேல் கைவேலை செய்த துணி ஒன்று தொங்குகிறது. அதை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எடுத்திருப்பார் என்று நம்பிக்கை இல்லை.

"சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் கார்பைடு சிப் வந்தா இந்தத் தொல்லையெல்லாம் தீந்துரும்ல?" என்று எஞ்சினியரிங் படிக்கிற பையன்கள் கேட்பார்கள். வந்துவிட்டது, மின்சாரக் கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நஷ்டம் குறைவு, சூட்டைக் கடத்துவதில் சிலிக்கானைவிட இரண்டு மூன்று மடங்கு கெட்டி. ஆனால் விலை காரணமாகச் சிப்பைச் சிறிதாக்குகிறார்கள். சின்ன இடத்தில் அதே வாட் என்றால் நெரிசல் கூடத்தான் செய்யும். அந்தப் பொருள் விறைப்பும் அதிகம், ஈயப் பற்றை இன்னும் மோசமாக இழுக்கும். அதனால் ஈயத்துக்குப் பதில் வெள்ளித் துகளை 250 டிகிரி அளவில் அழுத்தி இறுக்கி ஒட்டுகிறார்கள். வெள்ளி 961 டிகிரியில்தான் உருகும், ஆகவே அந்தப் பிணைப்பு லேசில் களைக்காது. நல்ல சங்கதி. ஆனால் தவிடு அடைத்த ஹீட் சிங்க்குக்கு வெள்ளியும் தெரியாது, கார்பைடும் தெரியாது.

புதுவயல் முதலாளி கடைசியில் ஏசிக்கு வந்தார். "பேசாம பேனல் ரூமுக்கு ஒரு ஏசி போட்டுரலாமா தம்பி?" போடலாம். அறை இறுக்கமாக மூடியிருந்தால் போடலாம். மில்லில் அந்தக் கதவு மூடியே நான் பார்த்ததில்லை. ஐப்பசி மழைக்காலத்தில், ஏசியில் குளிர்ந்த பேனலைத் திறந்து வைத்தால் வெளிக்காற்றின் ஈரம் போர்டு மேல் வியர்த்து நிற்கும். அதற்குச் சூடே பரவாயில்லை. தவிர, 200 வாட்டை உள்ளே கொட்டவிட்டு அப்புறம் அதை ஏசி போட்டு வெளியே இறைப்பதற்கு, முதலிலேயே வெளியே விட்டுவிடலாம். டிரைவின் பின்பக்கச் சிங்க் மட்டும் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, பேனலில் துளை வெட்டி மாட்டுகிற முறை இருக்கிறது. பெரும்பகுதிச் சூடு வெளியே போய்விடும், பேனலை ரப்பர் வைத்து மூடிவிடலாம், தவிடு உள்ளே வராது.

அப்படியே செய்தோம். கிழக்குத் தாழ்வாரத்தின் பக்கம் சுவரை உடைத்து, பேனலை அங்கே நகர்த்தி, சிங்க்கை வெளியே நீட்டினோம். தாழ்வாரத்தில் நிழல், தவிடும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மில் நிற்கும்போது பிரஷ் வைத்துத் தேய்த்து ஊதிவிட வேண்டும் என்று ஆபரேட்டரிடம் சொல்லி, சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்தேன். ஸ்விட்சிங் வேகத்தை நாலு கிலோ ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். மோட்டார் கத்துகிறது, பாலிஷர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கத்திரி முழுக்க ஓட்டிவிட்டு முதலாளி போன் செய்தார், டிரிப் இல்லை என்று. அதோடு இன்னொன்றும்: தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் டிரைவையும் அதே சுவருக்கு மாற்ற வேண்டும், துளையை ஆளை விட்டு வெட்டியாயிற்று, எப்போது வருகிறீர்கள்?

போய்ப் பார்த்தால் அது 5 எச்.பி. டிரைவ், சிங்க் சிறியது; துளை 10 எச்.பி. அளவுக்கு வெட்டியிருக்கிறது. நாலு பக்கமும் தகடு வைத்து அடைக்காமல் மாட்டினால், மில்லுக்குள் இருக்கும் தவிடெல்லாம் அந்தச் சந்து வழியாகப் போய்ப் புதுச் சிங்க் இரண்டின் மேலும் உட்காரும். தகடுக்கு அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.